நாளுக்கு 16 சுற்று: பிரபுபாதர் அமெரிக்காவில் பக்தியை ஊன்றிய விதம்

ஹரே கிருஷ்ண இயக்கமான இஸ்கானை நிறுவிய பக்திவேதாந்த சுவாமி பிரபுபாதரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கப்பலில்தான் தொடங்கும். சரக்குக் கப்பல், 69 வயது, கையில் 40 ரூபாய், நடுக்கடலில் இரண்டு முறை மாரடைப்பு. எல்லாமே நடந்தவைதான். ஆனால் அமெரிக்காவில் இறங்கிய பிறகு ஏறக்குறைய ஓர் ஆண்டு அவருக்குத் தீட்சை பெற்ற சீடர் ஒருவர்கூட அமையவில்லை. இதைப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். 1966 ஜூலையில் நியூயார்க்கில் இஸ்கான் சங்கத்தைப் பதிவு செய்தார். 1977 நவம்பரில் அவர் மறைந்தபோது 108 மையங்கள் இருந்ததாக இஸ்கான் கணக்கு. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் எது வேலை செய்தது, எது உடைந்தது, ஏன் என்பதே இங்கே பார்க்கப்போவது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பக்தியை அவர் ஒரு மனநிலையாகப் போதித்துவிட்டுப் போகவில்லை. இத்தனை மணிக்கு எழு, இத்தனை முறை நாமம் சொல், இதைச் சமை, இதைத் தொடாதே என்று அளவு குறித்து ஒப்படைத்தார். அளவு குறித்த பகுதிகள் அவருக்குப் பின்னும் நின்றன. அடுத்த குரு யார், எப்படி என்பது; பிள்ளைகளை யார் வளர்ப்பது, அவர்களை யார் கண்காணிப்பது என்பது. இந்த இரண்டிலும் அப்படி ஒரு கறாரான ஏற்பாடு அமையவில்லை. சரிந்தவையும் அவையே.

கப்பலுக்கு முன்

அபய் சரண் டே 1896 செப்டம்பர் 1 அன்று, கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள், கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கௌர் மோகன் டே துணி வியாபாரி, வைணவர். ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் படித்து, மருந்துத் தொழிலுக்குப் போய், குடும்பஸ்தராக இருந்தவர். 1922இல், வங்காள வைணவ மரபைச் சேர்ந்த கௌடீய மடத்தின் பக்திசித்தாந்த சரஸ்வதியைச் சந்தித்தபோது, அம்மரபின் முதல்வரான சைதன்யரின் செய்தியை ஆங்கிலத்தில் பரப்பச் சொன்னார் அந்தக் குரு. பிறகு அலகாபாத்தில் தீட்சை. 1936 டிசம்பரில், மறைவதற்கு இரண்டு வாரம் முன்பு எழுதிய கடிதத்தில் குரு மீண்டும் அதையே சொன்னார்.

அந்தக் கட்டளைக்கும் கப்பலுக்கும் இடையே பல தோல்விகள். 1944இல் 'பேக் டு காட்ஹெட்' என்ற ஆங்கில இதழை ஒற்றை ஆளாகத் தொடங்கினார். எழுத்து, அச்சகம், விற்பனை எல்லாம் அவரே. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு வேறு. 1953இல் ஜான்சியில் ஒரு பக்தர் சங்கம் அமைத்தார். கட்டடம் கைவிட்டுப் போனது. 1959இல் மதுராவில் சந்நியாசம் ஏற்று, பிருந்தாவனத்து ராதா தாமோதர் கோயில் அறையில் தங்கி பாகவத முதல் காண்டத்தை ஆங்கிலத்தில் மூன்று தொகுதிகளாக அச்சிட்டார். இந்த மூன்று தொகுதிகள்தான் அவருடைய மூலதனம். பயணச் சீட்டை சிந்தியா கப்பல் நிறுவனத்தின் சுமதி மொரார்ஜி கொடுத்தார். 1965 ஆகஸ்ட் 13 அன்று 'ஜலதூதா' கல்கத்தாவிலிருந்து கிளம்பிக் கொழும்பு வழியாகக் கொச்சி வந்தபோது, 200 செட் புத்தகப் பெட்டிகள் அங்கே ஏற்றப்பட்டன. செப்டம்பர் 17 அன்று பாஸ்டன். ஒரு செட் 16 டாலர் என்று விற்றுத்தான் அவர் அங்கே காலம் தள்ளினார்.

இங்கே ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டத்தால்தான் அவர் உள்ளே வந்தார் என்று எழுதுகிறார்கள். அதில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டது அக்டோபர் 3 அன்று. பிரபுபாதர் அதற்கு இரண்டு வாரம் முன்பே பார்வையாளர் விசாவில் வந்து இறங்கிவிட்டார். அந்த விசாவை நீட்டிக்கொண்டே போகவேண்டியிருந்தது முதல் ஆண்டின் பெரிய தலைவலிகளில் ஒன்று.

முதல் ஆண்டு ஏன் வீணானது

வெளிநாட்டில் கிருஷ்ண பக்தியைப் பேசிய முதல் ஆள் அவர் அல்ல. பாபா பிரேமானந்த பாரதி 1902இலேயே நியூயார்க் போனவர். 1933இல் பக்திசித்தாந்தரே சந்நியாசிகளை லண்டனுக்கு அனுப்பினார். பிரமுகர்களைச் சந்தித்தார்கள், கூட்டங்களில் பேசினார்கள். நல்ல வரவேற்பு இருந்தும் வேர் பிடிக்கவில்லை. கேட்டவர் வீட்டுக்குப் போய் மறுநாள் காலை செய்வதற்கு ஒன்றும் இல்லாததே காரணம் என்பது எங்கள் கருத்து.

பிரபுபாதரும் முதலில் அந்தப் பாதையிலேயே போனார். பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் ஓர் இந்தியக் குடும்பத்தின் ஆதரவில் சில வாரங்கள் தங்கி, சங்கங்களிலும் கல்லூரியிலும் பேசினார். பிறகு நியூயார்க்கில் யோக ஆசிரியர் ராமமூர்த்தி மிஸ்ரா இடம் கொடுத்தார். அங்கே வந்தவர்கள் ஆசனமும் அத்வைதமும் தேடிய நடுத்தர வயதினர். கிருஷ்ணன் ஒரு நபர், அவனுக்குத் தொண்டு செய்வதே முடிவு என்ற பேச்சுக்கு அந்த இடம் சரிப்படவில்லை. 72ஆம் தெருவில் தனி அறை எடுத்தார். தட்டச்சுப்பொறியும் டேப் ரிக்கார்டரும் திருடு போயின. நியூயார்க்கில் கோயில் கட்ட இந்தியத் தொழிலதிபர் ஒருவர் உதவ முன்வந்தார். அந்நியச் செலாவணி அனுமதி கிடைக்காமல் அதுவும் நின்றது.

இந்தத் தடைதான் அவரைக் கீழே, ஏழை மக்கள் வாழ்ந்த பகுதிக்குத் தள்ளியது. பௌரியில் ஒரு மாடியில் தங்கினார். கூடத் தங்கியிருந்த இளைஞன் போதையில் புத்தி பேதலித்து மிரட்டியதும் அங்கிருந்து வெளியேறி, செகண்ட் அவென்யூ 26ஆம் எண் கடைக்கு வந்தார். முன்பு அது அன்பளிப்புப் பொருள் கடை. 'மேட்ச்லெஸ் கிஃப்ட்ஸ்' என்ற பலகையைக்கூட எடுக்கவில்லை. 1966 ஜூலை 13 அன்று சங்கம் பதிவானது. திங்கள், புதன், வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கீர்த்தனையும் கீதை வகுப்பும். தினமும் காலை ஏழு மணிக்கு வேறு. வாசலைத் தாண்டினால் தெரு. அந்தத் தெருவில் வீட்டை விட்டு வந்த இருபது வயதுப் பிள்ளைகள்.

மாளிகையில் கோயில் வேண்டும் என்று அவர் கேட்ட பணம் கிடைத்திருந்தால் இந்தக் கடை இருந்திருக்காது. அதை மறுக்க முடியாது.

16 சுற்று: உள்ளே என்ன இருக்கிறது

1966 கிருஷ்ண ஜெயந்தியை ஒட்டி முதல் தீட்சை நடந்தது, 11 பேர். தம் குருவின் மடத்தில் நாளுக்கு 64 சுற்று ஜபம் (ஜபமாலையை ஒருமுறை முழுதாக உருட்டி முடிப்பது ஒரு சுற்று) வழக்கம் என்று சொன்னபோது பிள்ளைகள் மலைத்துப் போனார்கள். பாதியாக்கி 32 என்றார். அதுவும் முடியாது என்றதும் 16 என்று நிறுத்தினார். அதன் பிறகு ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை.

ஒரு மாலையில் 108 மணிகளும், தனியாக ஒரு தலைமணியும் இருக்கும். மணி ஒன்றுக்கு 'ஹரே கிருஷ்ண' மகாமந்திரம் ஒருமுறை: 16 நாமங்கள், 32 எழுத்துகள். தலைமணியைத் தாண்டக்கூடாது, அங்கே மாலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகவேண்டும். கட்டைவிரலும் நடுவிரலும் மணியைப் பிடிக்கும். சுட்டுவிரல் படாமல் மாலை வைத்திருக்கும் பையின் ஓட்டை வழியே வெளியே நீட்டியிருக்கும். 16 சுற்று என்றால் 1,728 மந்திரம். பழகிய நாக்குக்கு ஒரு சுற்று ஆறேழு நிமிடம், ஆக மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. புதியவருக்கு மூன்று மணி நேரம்கூட ஆகும்.

தவறுவது எங்கே என்றால், வேகத்தில். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சுற்றை முடிப்பவரின் வாயில் 'ஹரே' தேய்ந்து, 'கிருஷ்ண' பாதியாக உதிர்ந்துவிடும். இன்னொரு தவறு, மாலைவரை ஒத்திவைப்பது. இரவு பத்து மணிக்கு எட்டுச் சுற்று பாக்கி என்றால் அது தூக்கத்தில்தான் போய் முடியும். அதனால்தான் சுற்றுகளைப் பெரும்பாலும் விடியலிலேயே முடிக்கும்படி கோயில் நேரத்தை வகுத்தார்: அதிகாலை நாலரைக்கு மங்கள ஆரத்தி, துளசி வழிபாடு, எல்லாரும் ஒன்றாக அமர்ந்து ஜபம், பிறகு தரிசனம், குரு பூஜை, பாகவத வகுப்பு, பிரசாதம். மெல்போர்னில் தூங்கி எழுந்தவன் மாஸ்கோ கோயிலில் போய் நின்றாலும் அடுத்து என்ன என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இயக்கம் பரவியதன் ரகசியம் இதில்தான் இருக்கிறது.

கூடவே நான்கு விலக்குகள்: மாமிசம், மீன், முட்டை இல்லை, காபி, தேநீர் உட்பட போதை இல்லை, முறையற்ற உறவு இல்லை, சூதாட்டம் இல்லை. அறுபதுகளின் நியூயார்க்கில் இதைக் கேட்டு ஓடியவர்கள் ஏராளம். நின்றவர்கள் இந்தக் கண்டிப்புக்காகவே நின்றார்கள்.

அடுப்பு

இந்தியாவிலிருந்து அவர் கொண்டுபோன பொருள்களில் மூன்றடுக்குப் பித்தளைக் குக்கர் ஒன்று. அடியில் பருப்பு கொதிக்க, அதன் ஆவியில் மேலடுக்குகளில் சோறும் காய்கறியும் வேகும். ஒற்றை அடுப்பில் முழுச் சாப்பாடு, பக்கத்தில் சப்பாத்தி. முதல் சீடர்கள் வேதாந்தம் கற்றதற்கு முன்பே அவரிடம் சமையல் கற்றார்கள். வெங்காயம், பூண்டு கூடாது. சமைப்பவர் ருசி பார்க்கக் கூடாது, முகரக்கூடாது. முதலில் கிருஷ்ணனுக்கு நிவேதனம். அமெரிக்காவில் இதில் நேர்ந்த சிக்கல் நம் ஊரில் வராதது: கடை ரொட்டியில் முட்டை, பாலாடைக் கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட், இனிப்பில் ஜெலட்டின். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் வாங்காத பழக்கம் இப்படித்தான் வந்தது.

ஞாயிறு விருந்து இலவசம். கடையில் குலாப் ஜாமூன் எப்போதும் ஒரு ஜாடி நிறைய இருக்கும். 'இஸ்கான் தோட்டா' என்று அதற்குப் பெயர். மாயையைச் சுட்டு வீழ்த்தும் தோட்டா. போதையை விடத் தவிக்கும் பிள்ளைக்கு மறுப்பை மட்டும் கொடுக்காமல் கைக்கு ஒன்றைக் கொடுத்தார். இதை அவரது மிகக் கூர்மையான முடிவுகளில் ஒன்றாகக் கருதுகிறோம்.

பரவிய ஆண்டுகள்

1967 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ போனார். 29ஆம் தேதி அவலான் அரங்கில் ராக் இசைக் குழுக்களோடு ஒரே மேடையில் கீர்த்தனை. நுழைவுக் கட்டணம் இரண்டரை டாலர். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் கூடப் பாடினார். அந்த ஊரில்தான் ஒரு சீடப் பெண் இறக்குமதிக் கடையில் சிறிய மரப் பொம்மை ஒன்றை வாங்கி வந்து காட்டினார். பார்த்ததும் சுவாமி கைகூப்பினார்: அது ஜகந்நாதர். அதைப் பார்த்து ஒரு சீடர் மூன்றடி உயரத்தில் ஜகந்நாதர், பலதேவர், சுபத்திரையைச் செதுக்க, அதே ஆண்டு ஜூலை 9 அன்று ஒரு திறந்த லாரியில் ரத யாத்திரை நடந்தது. சுவாமி அதைப் பார்க்கவில்லை; பக்கவாதத்திலிருந்து தேறிவர ஸ்டின்சன் கடற்கரையில் படுத்திருந்தார். அவர் பக்கத்தில் இல்லாமலே ஒரு விழா நடந்து முடிந்தது என்பது, ஒப்படைத்தல் வேலை செய்யத் தொடங்கியதற்கு முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி லண்டன். 1968இல் மூன்று தம்பதிகளை அனுப்பினார். சந்நியாசியான அவரே சீடர்களுக்குத் திருமணம் செய்துவைத்தார் என்பதையும், இந்தக் காரியத்துக்குத் தம்பதிகளைத் தேர்ந்தெடுத்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1933இல் சந்நியாசிகளால் முடியாததை இந்த ஆறு பேர் செய்தார்கள். பீட்டில்ஸ் இசைக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் தயாரிப்பில் மகாமந்திரம் 1969இல் ஆப்பிள் நிறுவன இசைத்தட்டாக வந்தது. 1973இல் லண்டனுக்கு வெளியே ஒரு பெரிய மாளிகையையும் ஹாரிசன் வாங்கிக் கொடுத்தார். மாஸ்கோவில் 1971 ஜூனில் சுவாமி தங்கியது ஐந்து நாள். கூட்டம் கிடையாது, கீர்த்தனை கிடையாது. அனடோலி பின்யாயெவ் என்ற ஓர் இளைஞரைச் சந்தித்து ஜபமும் சமையலும் கற்றுக்கொடுத்துவிட்டுத் திரும்பினார். சோவியத் ரஷ்யாவின் பக்தர் கூட்டம் அந்த ஒருவரிலிருந்து கிளைத்தது. அவர் அதற்காக மனநல மருத்துவமனைகளில் அடைபட்டார்.

தமிழ் வாசகர்கள் ஒன்றை இங்கே நினைவில் வைக்கலாம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சைதன்யர் திருவரங்கத்தில் வேங்கட பட்டர் வீட்டில் நான்கு மாதம் தங்கினார். அவர் மகன் கோபால பட்டர் பிருந்தாவனம் போய் ஆறு கோஸ்வாமிகளில் ஒருவரானார். கௌடீய மரபின் வழிபாட்டு விதிகளில் அவர் பங்கு பெரியது. பிரபுபாதர் தம் சொற்பொழிவுகளில் ஓயாமல் எடுத்தாண்ட சுலோகங்களில் குலசேகரரின் முகுந்தமாலையும் உண்டு.

புத்தகம்

நள்ளிரவு தாண்டி ஒரு மணியளவில் எழுந்து, ஊர் அடங்கிய நேரத்தில் ஒலிப்பதிவுக் கருவியில் உரையைச் சொல்லிக்கொண்டே போவார். சீடர்கள் கேட்டுத் தட்டச்சு செய்வார்கள். பிறகு சமஸ்கிருதம் சரிபார்த்தல், ஆங்கிலத் திருத்தம், அச்சு. மூல சுலோகம், ஒலிபெயர்ப்பு, சொல்லுக்குச் சொல் பொருள், மொழிபெயர்ப்பு, பொருளுரை என்ற ஐந்தடுக்கு அமைப்பைக் கடைசிவரை விடவில்லை. 1968இல் மேக்மில்லன் அவரது கீதையைச் சுருக்கி வெளியிட்டபோது சுலோகங்களே காணாமல் போயின. முழுப் பதிப்பு 1972இல்தான் வந்தது. அதே ஆண்டு தொடங்கிய பக்திவேதாந்த புத்தக அறக்கட்டளைக்கு ஒரு விதி வைத்தார்: வருவாயில் பாதி அடுத்த அச்சுக்கு, பாதி கோயில் கட்ட.

இந்த வேகத்துக்கு விலையும் இருந்தது. வங்காள உச்சரிப்பு புரியாமல் தட்டச்சு செய்ததால் 1972 கீதையில் பித்ருக்களின் லோகம் மரங்களின் லோகமாகிவிட்டது. அதையெல்லாம் திருத்தி 1983இல் வந்த பதிப்பு இன்னொரு சண்டையைக் கிளப்பியது: மறைந்த குருவின் நூலில் கைவைக்க யாருக்கு உரிமை? அவர் உயிரோடு இருந்தபோதே திருத்தத்துக்கு எழுத்துப்பூர்வமான நடைமுறை இருந்திருந்தால் இது இவ்வளவு வளர்ந்திருக்காது.

விற்பனையிலும் கோளாறு வந்தது. மையங்களுக்குள் போட்டி, வாராந்தர எண்ணிக்கைப் பட்டியல், விமான நிலையங்களில் பயணிகளை மறித்து நிற்பது, அடையாளம் தெரியாமலிருக்கச் சாதாரண உடை, தலையில் டோப்பா. எண்ணிக்கை ஏறியது, நல்ல பெயர் இறங்கியது. வழக்குகள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. 1992 தீர்ப்பில் நியூயார்க் விமான நிலைய முனையங்களுக்குள் பணம் கேட்பதற்கான தடை நிலைத்தது, நூல் வழங்குவதற்கான தடை நீங்கியது. 'மூளைச்சலவை' என்று நியூயார்க்கில் தொடுத்த வழக்கில் மட்டும் 1977 மார்ச்சில் நீதிபதி ஜான் லீஹி, இது நெடிய வேர் கொண்ட உண்மையான மதமே என்று சொல்லித் தள்ளுபடி செய்தார். பிரபுபாதர் காதால் கேட்டு மகிழ்ந்த தீர்ப்பு அது.

உடைந்த இடங்கள்

1970 ஜூலையில் உலகைப் பகுதிகளாகப் பிரித்து ஓர் ஆட்சிக்குழு அமைத்தார். கோயில் நிர்வாகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் தீட்சை கொடுப்பவர் அவர் ஒருவரே. 1977 ஜூலை 9 தேதியிட்ட கடிதம் 11 பேரை அவர் சார்பில் தீட்சைச் சடங்கு நடத்தும் ரித்விக்குகளாகப் பெயர் குறித்தது. நவம்பர் 14 அன்று பிருந்தாவனத்தில் மறைந்தார். சில மாதங்களில் அந்த 11 பேரும் ஆளுக்கொரு மண்டலத்துக்குக் குருவானார்கள். உயர்ந்த ஆசனம், தினசரி பூஜை. பெரும்பாலும் இருபதுகளில் சேர்ந்தவர்கள், பலர் பத்தாண்டுகூட நிறையாத பக்தர்கள். கட்டுப்படுத்த மூத்தவர் யாரும் இல்லை. தவறைச் சொன்னால் அது குரு நிந்தை. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பின்னாளில் விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள். மண்டல முறையை 1987இல் ஒழித்தார்கள். அந்தக் கடிதம் அவர் மறைவுக்குப் பின்னும் பொருந்துமா என்பதில் ரித்விக் தரப்பும் ஆட்சிக்குழுவும் இன்றும் உடன்படவில்லை.

இதைவிடக் கொடியது குருகுலங்களில் நடந்தது. முதல் பள்ளி 1971இல் டல்லஸில் தொடங்கி 1976இல் மூடப்பட்டது. பிறகு பல நாடுகளில் கிளைகள். ஐந்து வயதுப் பிள்ளைகள் விடுதிக்கு வந்தார்கள். பெற்றோர் புத்தகம் விற்கப் போனார்கள். விற்பனைக்கு ஆகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களே பல இடங்களில் ஆசிரியர்கள், பயிற்சியில்லை, மேற்பார்வையில்லை. அடி, பட்டினி, பாலியல் வன்கொடுமை. வளர்ந்த பிள்ளைகள் 1996இல் தலைவர்களின் முன்னால் நின்று பேசினார்கள். சமூகவியலாளர் பர்க் ராச்ஃபோர்டின் ஆய்வை 1998இல் இஸ்கானின் சொந்த இதழே வெளியிட்டது. அந்த ஆண்டே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகமும் திறக்கப்பட்டது. 2000இல் டல்லஸில் 40 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். பல கோயில்கள் திவால் பாதுகாப்புக்குப் போய், 2005இல் 95 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. குருவின் மீதுள்ள பக்தியால் இதை மென்மையாக்கி எழுதுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

இப்போது தீட்சைக்கு வருபவர் 16 சுற்றையும் நான்கு விலக்குகளையும் முதலில் நெடுநாள் கடைப்பிடித்துக் காட்டவேண்டும், சீடர் பயிற்சி வகுப்பை முடிக்கவேண்டும், உள்ளூர்க் கோயில் நிர்வாகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். குருவும் ஆட்சிக்குழுவின் அதிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர். 1966இல் கடைக்குள் வந்த சில வாரங்களிலேயே மாலை வாங்கியவர்கள் உண்டு.